சொல்லும்படியான சாட்சி என்னிடம் இல்லை. இருப்பதை எப்படிச் சொல்வது?

தளிர் (கேள்வி)

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் எங்கள் சபையின் ஜெபக்கூட்டத்தில் பத்து நிமிடம் சாட்சி சொல்லும்படி போதகர் என்னைக் கேட்டுக்கொண்டார். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் சங்கடம் தொடங்கியது.

நான் விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிறு பள்ளி, வசனப் போட்டி, வாலிபர் கூட்டம் என்றே வளர்ந்தேன். குடி, திருட்டு, மரணத்தின் விளிம்பிலிருந்து மீண்டது என்று நான் கேட்டு வளர்ந்த சாட்சிகளில் வருகிற எதுவும் என் வாழ்க்கையில் நடக்கவில்லை. எந்த நாளில் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதினான்கு வயதில் ஒரு முகாமில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றபோது உயர்த்தினேன். முதல் தடவை உயர்த்தியது செல்லுமோ செல்லாதோ என்ற பயத்தில் பதினாறு வயதில் இன்னொரு முகாமிலும் உயர்த்தினேன்.

முதல் வரைவை முடித்து வாசித்துப் பார்த்தேன். "நான் இருளில் கிடந்தேன்" என்று தொடங்கியிருந்தது. எந்த இருள் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கல்லூரியில் ஓராண்டு வேதம் வாசிக்காமல் இருந்ததைத்தான் அப்படி எழுதியிருந்தேன்.

உண்மையில் என் விசுவாசம் என்னுடையதானது நான்கு ஆண்டுகளுக்கு முன், அம்மா நோயில் கிடந்த பதினொரு மாதங்களில். சுகத்துக்காக ஜெபித்தோம், அம்மா பிழைக்கவில்லை. ஓர் இரவு, மருந்துக்காக இரண்டு மணிக்கு வைத்திருந்த அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துக்கொண்டேன். ஜெபிக்க வார்த்தை வராததால் 88-ஆம் சங்கீதத்தைத் திறந்து வாசித்தேன். புலம்பலில் தொடங்குகிற மற்ற சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ வந்து சேர்ந்துவிடும். இது வந்து சேராமலே முடிகிறது. இப்படிப்பட்ட ஜெபத்தையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். அலாரம் அடித்ததும் எழுந்துபோய் அம்மாவுக்கு மருந்து கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை, தரிசனமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் ஜெபிக்கிற விதம் மாறிவிட்டது.

கேட்க விரும்புவது மூன்று. சுகம் கிடைக்காத ஒரு கதையைச் சாட்சி என்று எழுந்து நின்று சொல்லலாமா? அடுத்து, அதே மாதங்களில்தான் என் தம்பி சபைக்கு வருவதை நிறுத்தினான். அவனைத் தவிர்த்துச் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும்; சேர்த்துச் சொன்னால் அவனை எல்லார் முன்பும் கொண்டுவந்து நிறுத்தியதாகும். கடைசியாக, கிறிஸ்தவரல்லாத என் அலுவலகத் தோழி ஒருத்தி, "அந்த நாட்களை எப்படித் தாங்கினாய்?" என்று ஒருமுறை கேட்டாள். "கடவுள் பலம் கொடுத்தார்" என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்துவிட்டேன். அவள் இன்னும் எதையோ கேட்கக் காத்திருந்ததுபோல் இருந்தது. அவளிடம் எப்படிப் பேசுவது?

உப்புக்கல் (பதில்)

சகோதரி, ஜெபக்கூட்டங்களை நடத்தி, நூற்றுக்கணக்கான சாட்சிகளைக் கேட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முதல் வரைவைக் கிழித்துப்போட்டுவிட்டு, மேலே எங்களுக்கு எழுதியதையே எடுத்துக்கொண்டு போகலாம் என்பதுதான் என் முதல் எண்ணம். ஆனாலும் காரணத்தைச் சொல்லவேண்டும்.

சாட்சி என்பது வழக்குமன்றத்துச் சொல். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வருகிற 'மார்த்துஸ்' என்ற சொல்லும் அப்படியே. தான் கண்டதையும் கேட்டதையும் சொல்ல வருகிறவனுக்கு அது பெயர். கண்டதைச் சொன்னதற்காக உயிரைக் கொடுத்தவர்களை, நாம் இரத்தசாட்சிகள் என்கிறோமே அவர்களை, அந்தச் சொல் குறிக்கத் தொடங்கியது பிற்பாடு. கூண்டில் ஏறியவரிடம் நீதிபதி இன்னும் சுவையாகச் சொல்லுங்கள் என்று கேட்பதில்லை. கண்டது என்ன, எங்கே நின்று கண்டீர்கள் என்று கேட்பார்; காணாததைக் கண்டதாகச் சொன்னால் அது குற்றம். பத்துக் கட்டளைகளில் ஒன்று பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிறது. அயலானுக்கு விரோதமான பொய்யை மட்டும் அதில் அடக்கிக்கொண்டு, தேவனுக்கு ஆதரவாகச் சொல்கிற பொய்க்கு நாம் விலக்குக் கொடுத்துவிட்டோமோ என்று சில கூட்டங்களில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். யோபு அந்த விலக்கைக் கொடுக்கவில்லை. தேவனுக்காக வஞ்சகமாய்ப் பேசவேண்டுமோ என்று தன் சிநேகிதரிடம் அவன் நேராகவே கேட்கிறான். அது 13-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

பெரிய சம்பவம் இல்லை என்ற குறைக்கு வருகிறேன். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனுக்கு நள்ளிரவில் பூமியதிர்ச்சி வருகிறது, கதவுகள் திறக்கின்றன, அவன் பட்டயத்தை உருவித் தன்னையே கொல்லப் போகிறான். நம் மேடைகளுக்கு ஏற்ற சாட்சி அது. அதே அதிகாரத்தில், அவனுக்கு முன்பே, இரத்தாம்பரம் விற்கிற லீதியாள் வருகிறாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள், கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார் என்பதோடு லூக்கா முடித்துக்கொள்கிறார். எதுவும் அதிரவில்லை. பவுலும் அவரோடு இருந்தவர்களும் அந்தப் பட்டணத்தில் தங்கியது லீதியாளின் வீட்டில்; சிறையிலிருந்து வெளியே வந்ததும் போனது அதே வீட்டுக்குத்தான். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போதோ, பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று இரண்டு பெயர்களைத்தான் பவுல் எழுதுகிறார். அங்கே தேதியே இல்லை.

தேதியைச் சொல்லக்கூடியவர்களின் நிலையும் நாம் நினைக்கிற அளவுக்குத் தெளிவானதன்று. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ஆம் ஆண்டு மே 24 அன்று, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், இரவு ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது தன் இருதயம் அனல்கொண்டதாக எழுதியிருக்கிறார். நேரம் முதற்கொண்டு இருக்கிறது. ஆனால் 1739 ஜனவரியில், தான் இன்னும் கிறிஸ்தவன் அல்லன் என்றும் அவரே நாட்குறிப்பில் எழுதினார். முதல் குறிப்பை நாம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். இரண்டாவதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சுகம் கிடைக்காததைச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். எபிரெயர் 11:35-ஐப் பாருங்கள். வசனத்தின் முதல் பாதியில் ஸ்திரீகள் செத்துப்போன தங்களுடையவர்களை உயிரோடே திரும்பப் பெறுகிறார்கள். "வேறுசிலர்" என்று தொடங்குகிற மறுபாதியில் வருகிறவர்கள் வாதிக்கப்படுகிறார்கள். இரண்டு பாதியினரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்றுதான் அந்த அதிகாரம் முடிகிறது. நம் கூட்டங்களில் முதல் பாதிக்கே நேரம் ஒதுக்கப்படுகிறது. உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் இரண்டாம் பாதியில் இருக்கிறார்கள் என்பது நீங்கள் பேசி முடித்த பிறகு உங்களைத் தேடி வருகிறவர்களைப் பார்த்தால் தெரியும்.

செய்முறையாக ஒன்று. பத்து நிமிடத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியாது, ஓர் இரவைச் சொல்லலாம். அலாரத்தையும் சங்கீதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முகாம்களில் கையை உயர்த்தியதையும் விட்டுவிட வேண்டாம். கூட்டத்தில் பாதிப் பேர் அப்படி உயர்த்தியவர்களாகத்தான் இருப்பார்கள்.

மறுகரை (பதில்)

பொய்ச்சாட்சி என்று சகோதரர் உப்புக்கல் எழுதியதைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஒரே சாட்சியைப் பல சபைகளில் சொன்னவன். குடியிலிருந்து விடுபட்ட சாட்சி. முதல் தடவை சொன்னபோது அது உண்மையாக இருந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குடிப்பேன். ஒருமுறை குடித்த நிலையில் வேலைக்குப் போய் எச்சரிக்கைக் கடிதம் வாங்கினேன். என் மனைவி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நண்பர் ஒருவர் ஜெபக்குழுவுக்கு அழைத்துப்போனார். இடையில் இரண்டு முறை விழுந்து, எழுந்து, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் விட்டேன். அடுத்தடுத்த கூட்டங்களில் அந்த இரண்டு மூன்று நாள் 'தினமும்' ஆனது. எச்சரிக்கைக் கடிதம் வேலைநீக்கமாக மாறியது. மனைவி பேசாதிருந்த இரண்டு வாரம், அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்ட மூன்று மாதமாக வளர்ந்தது. விழுந்த இரண்டு முறையோ வெகு சீக்கிரத்திலேயே காணாமல் போயின. யாரையும் ஏமாற்றவேண்டும் என்று ஒரு நாளும் திட்டமிட்டதில்லை. எந்த இடத்தில் 'அல்லேலூயா' எழுகிறது என்பதை நாக்கு தானாகவே தெரிந்துகொள்கிறது. அடுத்த முறை அந்த இடத்துக்குச் சீக்கிரமாகப் போய்ச் சேருகிறது.

ஒரு கூட்டத்துக்கு என் மனைவியும் வந்திருந்தாள். தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்ற இடம் வந்தபோது, முதல் வரிசையில் இருந்த அவள், மடியிலிருந்த வேதாகம உறையின் ஜிப்பைத் திறந்து மூடினாள், மறுபடியும் திறந்து மூடினாள். நான் பேசி முடிக்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிட்டு முடித்த பிறகு, "நான் எப்போது போனேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. என் சாட்சியைக் கேட்டு ஜெபித்துக் குடியை விட்ட ஒருவர், ஐந்து வாரத்தில் மீண்டும் குடித்திருக்கிறார். உங்களுக்கு ஒரே இரவில் எடுத்துப்போட்ட தேவன் எனக்கு எடுத்துப்போடவில்லை, அப்படியானால் என்னை அவர் தெரிந்துகொள்ளவில்லை என்றுதானே அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். நான் மறைத்த அந்த இரண்டு வீழ்ச்சிகள்தான் அவருக்குத் தேவைப்பட்ட செய்தி. அன்று அவரிடம் முழுவதையும் சொன்னேன். என்னை அழைத்திருந்த சபைகளில் மூன்றின் போதகர்களிடமும் சொன்னேன். அவர்களில் ஒருவர், "பலன் கிடைத்ததல்லவா, விட்டுவிடுங்கள்" என்றார். மற்ற இருவரும் திருத்திச் சொல்ல எனக்கு நேரம் கொடுத்தார்கள். அந்த இரண்டு கூட்டங்களிலும் 'அல்லேலூயா' எழவில்லை.

மாற்கு 5-இல், லேகியோன் என்ற அசுத்த ஆவிகளின் கூட்டம் பிடித்திருந்து விடுதலையான மனிதன் இயேசுவோடுகூடப் போக விரும்புகிறான். அவரோ அவனை அவனுடைய வீட்டாரிடத்துக்கு அனுப்புகிறார். முன்னே எப்படி இருந்தான் என்பதை நன்றாக அறிந்தவர்கள் இருக்கும் இடம் அது. அங்கே ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்பது ஆண்டுகள் நான் என் வீட்டைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அதை வாசிக்கும்போதுதான் உறைத்தது.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டன் 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கி, தேவனை நோக்கிக் கூப்பிட்ட கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அந்தப் புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பலுக்குத் தலைவரானார் என்பது அந்தக் கதையோடு சேர்ந்து வருவதில்லை. 1754-இல் கடல் வாழ்க்கையை அவர் விட்டது உடல்நலம் கெட்டதால். அந்த வணிகத்துக்கு விரோதமாகவும், அதில் தனக்கிருந்த பங்கைப் பற்றியும் அவர் பகிரங்கமாக எழுதியது 1788-இல். புயலுக்கும் அந்த எழுத்துக்கும் நடுவே நாற்பது ஆண்டுகள். தன்னுடைய அறிக்கை தாமதமாக வருகிறது என்பதையும் அதிலேயே ஒப்புக்கொண்டார். புயலோடு நிறுத்திக்கொண்டால் அருமையான சாட்சிதான். ஆனால் எனக்கு உதவியது அந்த நாற்பது ஆண்டுகள்.

விதைக்கிறவன் (பதில்)

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் ஓர் எச்சரிக்கை தேவை என்று நினைக்கிறேன். உண்மையாகச் சொல்லவேண்டும் என்ற அக்கறையில், கேட்கிறவர் எழுந்து போகும்போது கிறிஸ்துவைப் பற்றி ஒன்றும் அறியாமல் சகோதரியின் துயரத்தை மட்டும் அறிந்துகொண்டு போகிற நிலை வந்துவிடக்கூடாது. சாட்சியின் நடுவில் நிற்கவேண்டியவர் நாம் அல்லர். துயரத்தை மனந்திறந்து பகிர்வது நல்ல காரியம்தான்; அதற்கு நண்பர்கள் இருக்கிறார்கள். சபையில் எழுந்து நிற்கிறவர் கடைசியில், நீங்களும் அவரிடத்தில் வாருங்கள் என்று அழைக்காமல் உட்கார்ந்தால், வலையை வீசிவிட்டு இழுக்காமல் கரைக்கு வந்ததற்குச் சமம். கேள்விப்படாமல் எப்படி விசுவாசிப்பார்கள் என்று ரோமர் 10 கேட்பதை மறந்துவிட வேண்டாம். அலுவலகத் தோழியின் விஷயத்தில் இது இன்னும் அவசரமானது என்பது என் கருத்து.

தூரத்து விளக்கு (பதில்)

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுகிறவன் அல்லன். சபைக்குப் போவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. தம்பியின் இடத்திலிருந்து யாராவது பேசவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

என் அத்தை ஒரு கூட்டத்தில் சாட்சி சொல்லும்போது என்னையும் சேர்த்துக்கொண்டார். அண்ணன் மகன் பின்வாங்கிப்போனான், அவனுக்காக இத்தனை நாள் உபவாசித்தேன், நீங்களும் ஜெபியுங்கள் என்று. அவர் அன்பினால்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு அது தெரியவந்த விதம்தான் வேறு. ஒரு திருமணத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறோம், சீக்கிரம் திரும்பி வாருங்கள் என்றார். நான் ஏன் விலகினேன் என்று அத்தை அதுவரை என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய வாழ்க்கை எத்தனை கைமாறிப் போகிறது என்பதை உள்ளே இருக்கும்போது நானும் கவனித்ததில்லை.

சகோதரி, எழுதியதைத் தம்பியிடம் கொடுங்கள். அவனைப் பற்றிய பகுதியை மட்டும் கொடுக்காமல் முழுத் தாளையும் கொடுங்கள். அவனும் அந்த வீட்டில்தான் இருந்தான், இறந்தது அவனுக்கும் அம்மா. வேண்டாததை அடித்துவிடச் சொல்லுங்கள். ஒன்றும் வேண்டாம் என்று அவன் சொன்னால், "அந்த மாதங்கள் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே விதமாக முடியவில்லை" என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். அது பொய்யும் ஆகாது, அவனைக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. தயவுசெய்து அதே பேச்சில் அவனைச் சபைக்குக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால், தாளைக் கொடுத்ததே அதற்காகத்தான் என்று அவன் முடிவுசெய்துவிடுவான். அவனுடைய இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் முடிவுசெய்வேன்.

சகோதரர் விதைக்கிறவனுக்கு ஒன்று. சிறுவயதிலிருந்து நான் கேட்ட சாட்சிகளில் அழைப்போடு முடிந்தவற்றை எண்ண முடியாது, அவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை. நினைவில் நிற்பது, மகனைப் பறிகொடுத்த ஒரு முதியவர் சொன்னது. இரண்டு ஆண்டுகள் என்னால் பாட முடியவில்லை, பாடுகிறவர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் விலகிய பிறகும் அவர் என்னோடு இருக்கிறார்.

இரண்டாம் மைல் (பதில்)

தோழியைப் பற்றிய கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டதால் அதை எடுத்துக்கொள்கிறேன்.

1 பேதுரு 3:15, நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. அங்கே விசாரிப்பவர் முதலில் வருகிறார், பதில் பிறகு வருகிறது. உங்கள் தோழி விசாரித்துவிட்டார். ஆகையால் நீங்கள் வலியப்போய்ப் பேசுகிறீர்கள் என்ற கூச்சம் வேண்டாம். "அன்று நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, இன்னும் கேட்க விருப்பமா?" என்று ஒரு வாக்கியம் போதும். விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிடலாம். ஒருவேளை நீங்கள் அவருக்கு மேலதிகாரியாக இருந்தால், அவர் மறுபடி தானாகக் கேட்கும்வரை பொறுத்திருங்கள். சம்பளத்தையும் விடுப்பையும் தீர்மானிக்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்வது எளிதன்று.

அடுத்தது சொற்கள். 'இரட்சிக்கப்பட்டேன்', 'கர்த்தர் என்னோடு இடைப்பட்டார்', 'பாரம் உண்டானது', 'வசனம் கிடைத்தது' என்பவை நமக்குள் புழங்கித் தேய்ந்த சொற்கள். வெளியே இருப்பவருக்கு அவை பாதி புரியாது, மீதி தவறாகப் புரியும். நீங்கள் எழுதிய அந்த இரவை அவரிடம் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "எனக்கு ஜெபிக்கவே வரவில்லை. பைபிளில் ஒரு பழைய பாட்டு இருக்கிறது, எழுதினவர் கடவுளிடம் கோபமாகவும் தனியாகவும் பேசுகிறார், கடைசிவரை அவருக்குப் பதில் வரவில்லை. அதை வாசித்தபோது, இப்படிப் பேசுகிறவரையும் கடவுள் துரத்தவில்லை என்று தோன்றியது. அம்மா பிழைக்கவில்லை. ஆனால் நான் பேசுவதை நிறுத்தவில்லை." இதில் சபைச் சொல் ஒன்றுகூட இல்லை. எதையும் மறைக்கவும் இல்லை.

ஆளுக்குத் தக்கபடி சொல்வது நேர்மைக் குறைவாகிவிடாதா என்ற சந்தேகம் வரலாம். தமஸ்குவுக்குப் போகும் வழியில் இயேசு தன்னைச் சந்தித்ததைப் பவுல் அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு முறை தானே எடுத்துச் சொல்கிறார். எருசலேமில் ஜனக்கூட்டத்தின் முன் எபிரெயு பாஷையில் பேசும்போது, கமாலியேலின் பாதத்தருகே படித்ததையும், பிறகு தன்னைத் தேடி வந்த அனனியா வேதப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவன் என்பதையும் சொல்கிறார். அவர்களுக்கு அது முக்கியம். அகிரிப்பா ராஜாவுக்கு முன் பேசும்போது அனனியாவின் பெயரே வருவதில்லை. அதற்குப் பதிலாக, முந்தின முறை சொல்லாத ஒன்று வருகிறது, முள்ளில் உதைப்பது உனக்குக் கடினம் என்ற வார்த்தை. நடந்தது ஒன்றுதான், எதை எடுத்து முன்னே வைப்பது என்பதை எதிரே இருக்கிறவரைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். சகோதரர் மறுகரை சொன்ன 'தினமும்' இந்த வகையில் சேராது. அது எடுத்து வைத்ததன்று, இட்டுக்கட்டியது.

சகோதரர் விதைக்கிறவனின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பவுலின் அந்த இரண்டு பேச்சுகளுக்கும் கிடைத்த பலனைப் பாருங்கள். முதலாவதின் முடிவில் கூட்டம் கூச்சலிட்டது. இரண்டாவதின் முடிவில் ராஜா எழுந்து போய்விட்டான். அந்த இடத்திலேயே யாரும் மனந்திரும்பியதாக லூக்கா எழுதவில்லை. சமாரியா ஸ்திரீயும் தன் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடி, வந்து பாருங்கள் என்கிறாள், உண்மைதான், அது அழைப்புதான். ஆனால் அவர்தான் கிறிஸ்து என்று அவள் முடித்துச் சொல்லவில்லை, அவர் கிறிஸ்துதானோ என்று கேள்வியாகவே விட்டுவிடுகிறாள். பிற்பாடு அந்த ஊரார், இனி உன் சொல்லினிமித்தம் விசுவாசிக்கிறதில்லை, நாங்களே கேட்டோம் என்று அவளிடம் சொல்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்க அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எனக்கென்னவோ, மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும்.

கடைசியாக, நீங்கள் பேசி முடித்ததும் தோழி ஏன் அப்படிக் கேட்டார் என்று விசாரியுங்கள். அப்படிப்பட்ட கேள்வியை மனிதர்கள் சும்மா கேட்பதில்லை. அவருடைய வீட்டிலும் யாராவது படுக்கையில் இருக்கலாம். அப்படி இருந்தால் அன்றைக்கு மீதி நேரம் அவருடையது.

தளிர் (கேட்டவர்)

பதில் எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

'இருள்' வரைவைக் கிழித்துவிட்டேன். அந்த இரவையே சொல்லப்போகிறேன். சகோதரர் விதைக்கிறவன் சொன்னதையும் யோசித்தேன். அழைப்பு என்று தனியாக வைக்காமல், கடைசியில் 88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்காருவதாக இருக்கிறேன். போதகரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார், பிறகு சரி என்றார். தோழியிடம் கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம். அவளுடைய அப்பா ஆறு வாரமாக மருத்துவமனையில் இருக்கிறார் என்பதை அப்போதுதான் சொன்னாள். ஒரே அறையில் வேலை செய்கிற எனக்கு அதுவரை தெரியாது.

தம்பியிடம் முழுத் தாளையும் கொடுத்து, வேண்டாததை அடித்துவிடு என்றேன். வேறொன்றும் பேசவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தான். தன்னைப் பற்றிய இரண்டு வாக்கியங்களில் ஒன்றை அடித்திருந்தான், ஒன்றை விட்டுவைத்திருந்தான். அலாரம் அடித்ததும் எழுந்துபோய் மருந்து கொடுத்தேன் என்று நான் எழுதியிருந்த வரியையும் அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்: "அலாரம் அடித்தபோது நீ மேசையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். பைபிள் திறந்திருந்தது. மருந்தை நான் கொடுத்தேன்."

நான்கு ஆண்டுகளாக அதை நான்தான் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் எழுதியதை அப்படியே சேர்த்துவிட்டேன். இப்போது பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. முகாம்களில் கையை உயர்த்திய பகுதியைத்தான் குறைக்கவேண்டும்.